நாலு டிஸ்க்கும் ரோஸ்லின் அக்காவின் வெப்ராளமும்

வெள்ளிக்கிழமை காலை தக்கலையில் எங்கள் ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே பெட்டி கூவிக்கொண்டிருந்தது. பெட்டி என்று நாங்கள் சொல்வது, எடிட்டிங் மேசைக்குக் கீழே இருக்கும் கறுத்த சாதனத்தை. அதற்குள் நான்கு டிஸ்க்குகள். நாங்கள் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் அவற்றில்தான் பதிந்து கிடக்கின்றன. குனிந்து பார்த்தேன். நான்கு விளக்குகளில் மூன்று பச்சையாகவும் ஒன்று ஆரஞ்சாகவும் எரிந்தன. ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தம். அது என் துறை அல்ல, நான் கேமராக்காரி. ஆகவே வழக்கம்போல என் கூட்டாளி ரோஸ்லின் அக்காவுக்குப் போன் போட்டேன். உங்கள் பெட்டி காலங்காத்தாலே ஒப்பாரி வைக்கிறது, வந்து என்னவென்று கேளுங்கள் என்று சொல்வதற்காக.

போனை எடுத்தது அவருடைய தம்பி சாம்.

"சுபாக்கா, அக்கா போயிட்டா."

"எங்க?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன்.

காலையில் தேயிலைக்கு வெந்நீர் வைத்தவர் நெஞ்சு அடைக்கிறது என்றிருக்கிறார். காரில் ஏற்றியிருக்கிறார்கள். "ஆஸ்பத்திரி எத்துறதுக்கு முன்னாலயே..." என்று சாம் அழுதான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தபடி நின்றேன். அது நிறுத்தாமல் கூவிக்கொண்டிருந்தது. அதன் வாயை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஆளைப் பற்றித்தான் சாம் இப்போது சொல்லிக்கொண்டிருந்தான். ஷட்டரை இழுத்துவிட்டு, அவர் வீடு இருக்கும் குலசேகரத்துக்கு ஓடினேன்.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் போன் அதிர்ந்தது. எங்கள் கடைக்குப் பக்கத்து மொபைல் கடைக்காரர். எடுத்திருக்கக் கூடாது, எடுத்தேன்.

"ஒங்க கடைக்குள்ள நேத்துலேர்ந்து என்னமோ கூவிட்டே கெடக்கு. வாற ஆளுவ எனக்க கடையிலதான்னு நெனைக்காவ. மெயினு வெளிய தான இருக்கு, கரண்ட ஆஃப் பண்ணட்டா?"

"பண்ணாதிய! கைய வைக்காதிய!" என்று கத்திவிட்டேன்.

ஜெபம் நின்றது. சபையே திரும்பிப் பார்த்தது. ரோஸ்லின் அக்காவின் சித்தி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பல வருஷம் நிற்காமல் ஓடிய டிஸ்க்கை ஒருமுறை நிறுத்திவிட்டால் அது மறுபடி கிளம்பும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளைத்தான் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்தியதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பெட்டியில் அப்போது ஒரு கல்யாணம், உலகத்தில் வேறெங்கும் நகல் இல்லாமல் கிடந்தது. மணவாளக்குறிச்சி பிலோமினா அக்காவின் இளைய மகளுடைய கல்யாணம். போனால் போகட்டும் என்று விடக்கூடிய வீடு அல்ல அது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ரோஸ்லின் அக்காவைப் பற்றி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் புகைப்படக்காரர் சங்க மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா அவர்? ஓர் இடத்தில் உட்கார வைக்கவே முடியாத மனுஷி. இதை எழுதும் நானும் அரைப்பக்கத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் மேசைக்குக் கீழே குனிந்து விளக்குகளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். வாக்கியங்கள் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குலசேகரத்துக்காரர். அப்பா ரப்பர் ஷீட் வாங்கி விற்றவர். ரோஸ்லின் அக்கா கம்ப்யூட்டர் படித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் எடிட்டராகச் சேர்ந்தார். நான் அங்கே புகைப்படக்காரியாகச் சேர்ந்தேன். இரண்டு பேருக்கும் முதலாளியைப் பிடிக்காது. நட்புக்கு அது போதுமானதாக இருந்தது. என்னைவிடச் சற்று மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன், அவர் என்னை ஏட்டி என்றார். சில காலம் கழித்துத் தக்கலையில் சொந்தமாகக் கடை போட்டோம். வெளியே போய் எடுப்பது நான், உள்ளே இருந்து வெட்டி ஒட்டுவதும் சேமித்து வைப்பதும் அவர்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்யாதவர் கல்யாண வீடியோ எடிட் செய்வது நம்மூர்க்காரர்களுக்குப் பெரிய வேடிக்கை. ஆல்பம் வாங்க வந்த ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைக் கேட்டும்விட்டார். அக்கா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "ஆஸ்பத்திரியில வேல பாக்கியவியளுக்கு எல்லாம் தீனமா?" என்றார். தீனம் என்றால் எங்கள் ஊரில் நோய். வந்தவர் ஆல்பத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

தேநீரை நின்றுகொண்டுதான் குடிப்பார். கோப்பு நகலாகும்போது திரையில் கோடு நகருமே, அது நகர நகர அவரும் கடைக்குள் நடப்பார். "உக்காருங்களேன்" என்றால், "நீ உக்காரு. எனக்கு வெப்ராளம்" என்பார். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், வெப்ராளம் எங்கள் ஊர்ச் சொல். பதற்றம் என்று எழுதலாம். ஆனால் பதற்றம் வந்துவிட்டுப் போய்விடும், வெப்ராளம் போகாது. ஆரம்பத்தில் அவருக்கு இது இவ்வளவு இல்லை. அது வந்த கதைதான் அடுத்தது.

எங்கள் மாவட்டத்தில் கல்யாண வீடியோவின் தலையெழுத்தை எழுதுவது மாப்பிள்ளையின் லீவு. வளைகுடாவிலிருந்து வருவார். தாலிகட்டு, மறுவீடு, விருந்து, விமானம். அவர் ஏறுவதற்குள் வீடியோ அவர் பெட்டிக்குள் ஏறியாக வேண்டும். மற்ற ஊர் ஸ்டுடியோக்காரர்கள் மாதக்கணக்கில் இழுப்பதைக் கேட்டால் எங்களுக்கு வயிறு எரியும். ஆகவே எங்களுக்கு வேகம் வேண்டியிருந்தது. ரோஸ்லின் அக்கா எங்கேயோ படித்துவிட்டு வந்து, "ரெய்டு போடுவோம்" என்றார். ரெய்டு என்றால் வருமான வரிக்காரர்கள் வருவதுதான் எனக்குத் தெரியும். இது வேறாம். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி ஒரே டிஸ்க் மாதிரி ஓட்டுவது. அதில் பல வகை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

முதலில் போட்டது பூஜ்யம். இரண்டு டிஸ்க்குகள். படத்தில் பாதி ஒன்றில், பாதி மற்றதில் என்று மாற்றி மாற்றி எழுதும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதால் இரட்டை வேகம். லீவு முடிவதற்கு முன்னால் மாப்பிள்ளை கையில் வீடியோ. ஊரெல்லாம் எங்கள் பேர். பூஜ்யத்தில் ஒரே ஒரு சங்கடம்தான். இரண்டில் எது செத்தாலும் எல்லாம் போய்விடும். மிச்சமிருப்பதில் பாதிப் பாதிச் சில்லுகள்தான் இருக்கும், அதை வைத்து ஒரு மாலையைக்கூடப் பார்க்க முடியாது. இது அவருக்குத் தெரியும். ஓர் ஆவணி தாண்டட்டும், மாற்றிவிடலாம் என்றிருந்தார்.

ஆவணி தாண்டவில்லை. ஒரு டிஸ்க் செத்தது. போனது பிலோமினா அக்காவின் மூத்த மகள் கல்யாணம். கேமரா கார்டுகளை அதற்குள் அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டிருந்தோம். திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தோம், கையை விரித்துவிட்டார்கள்.

போனில் சொல்லலாம் என்றேன் நான். ரோஸ்லின் அக்கா கேட்கவில்லை. மணவாளக்குறிச்சிக்கு நேரில் போனோம். பிலோமினா அக்கா எங்களை உட்கார வைத்து, கலர் வாங்கிக் கொடுத்து, முழுவதையும் கேட்டார். சத்தம் போடுவார் என்று நான் பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். அவர் போடவில்லை. அவருடைய கணவர் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறவர். விடமாட்டேன் என்று முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்துக்கொண்டதால் மகள் கல்யாணத்துக்கே வர முடியாமல் போனவர். வீடியோ எப்போது வரும் என்று அங்கே காத்துக்கிடந்தார்.

"அவரு தெனமும் போன்ல கேக்காரு," என்றார் பிலோமினா அக்கா. "முழுசும் வேண்டாம் மக்கா. சத்தமாவது கெடக்கா?"

கடைக்குத் திரும்பி வந்ததும் ரோஸ்லின் அக்கா நடக்கத் தொடங்கினார். அன்றைக்குத் தொடங்கிய நடை அது.

அதன்பிறகு அவர் செய்ததை வேறு எந்த எடிட்டரும் செய்திருக்கமாட்டார். கல்யாணத்துக்கு வந்தவர்களின் பட்டியலைப் பிலோமினா அக்கா வாய்ப்பாடமாகச் சொல்ல, வீடு வீடாக ஏறினார். குளச்சல், முட்டம், மண்டைக்காடு. "ஒங்க போன்ல கல்யாணத்துல எடுத்தது எதாவது இருக்கா?" ஆட்டம் போட்டது, சாப்பாட்டு இலை, மணவாட்டியின் முதுகு, யாரோ ஒரு பிள்ளையின் அழுகை. ஒருவர் போனில் மோதிரம் மாற்றுவது பாதி இருந்தது, இன்னொருவர் போனில் மிச்சப் பாதி பக்கவாட்டில் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படம் செய்தார். ஆடுகிறது, கோணுகிறது, வெளிச்சம் மாறுகிறது. நான் என் பேரை அதில் போட வேண்டாம் என்றேன், அவ்வளவு மோசம். அங்கே கடல் கடந்து ஒருவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். பிலோமினா அக்கா அப்படித்தான் சொன்னார். ரோஸ்லின் அக்கா அதில் சமாதானம் அடையவில்லை.

பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றுக்கு வந்தோம். ஒன்று என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே எழுதுவது. ஒன்று போனால் மற்றது இருக்கும். எனக்கு நிம்மதி. அவருக்கா? ஒருநாள் என்னோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தவர், வேறொரு கோப்புறையை அழிப்பதாக நினைத்து ஒரு முழுக் கல்யாணத்தை அழித்துவிட்டார். ஒரு டிஸ்க்கில் அழிந்த அதே கணம் மற்றதிலும் அழிந்தது. கண்ணாடியின் வேலை அதுதானே. நல்லவேளை அந்தக் கார்டுகள் அப்போது கடையிலேயே கிடந்தன. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டார். "ரெய்டு போட்டாச்சு, பேக்கப் வேண்டாம்னு எவ சொன்னாலும் அவள நம்பாத ஏட்டி. டிஸ்க் செத்தா ரெய்டு காக்கும். நம்ம கை புத்தி கெட்டுப் போனா அது காக்காது." வாரம்தோறும் சனிக்கிழமை எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் நகலெடுத்துக் குலசேகரத்தில் தன் அலமாரியில் வைப்பது அப்படித் தொடங்கியது.

வேலை பெருகியது, இரண்டு டிஸ்க் போதவில்லை. நான்கு போடும் பெட்டி வாங்கினோம். அங்கேதான் எங்கள் பெரிய சண்டை ஆரம்பித்தது. அவர் இறக்கும்வரை அது முடியவில்லை.

நான் ஐந்தாம் எண் ரெய்டு என்றேன். ஐந்தில், மூன்று டிஸ்க் அளவுக்குப் படம் வைக்கலாம், ஒரு டிஸ்க் அளவு கணக்குக்குப் போகும். எது செத்தாலும் மிச்ச மூன்றும் கூடிக் கணக்குப் போட்டு, செத்ததில் என்ன இருந்தது என்று சொல்லிவிடும். அழகான ஏற்பாடு, இடமும் வீணாகாது. அவர் ஆறு என்றார். ஆறில் இரண்டு டிஸ்க் அளவு கணக்குக்கே போய்விடும், படத்துக்கு இரண்டுதான். எழுதுவதும் மெதுவாக இருக்கும். சரி, பாதிதான் இடம் என்றால் பத்து போடுவோமே, வேகமாவது கிடைக்கும் என்றேன். பத்து என்பது ஜோடி ஜோடியாகக் கண்ணாடி. அதற்கும் தலையை ஆட்டினார். ஒரே ஜோடியில் இரண்டும் போனால் போச்சாம்.

"ரெண்டு டிஸ்க் ஒண்ணா எங்க அக்கா போகும்? சும்மா பயமுறுத்தாதிய."

இதைக் கேட்டபோது நாங்கள் குலசேகரத்திலிருந்து மேலே ஒரு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டிவிட்டுக் கிளம்பும்போது அவர் சொன்னார்: "இப்ப இன்னொண்ணு போச்சுன்னா என்ன செய்வ?"

"ஏன் போவணும்?"

"நாலும் ஒரே ரோட்டுல தான ஏட்டி ஓடிச்சு? ஒண்ணு தேஞ்சா மத்தது மட்டும் புதுசா இருக்குமா? ஒரு டிஸ்க் செத்த பொறவுதான் மிச்சத்துக்கு வேல கூடும். செத்ததுக்க வேலையவும் அதுவளே பாக்கணும். அப்பதான் அடுத்தது விழும். எந்த ரெண்டு போனாலும் நிக்கணும். அது ஆறுல மட்டுந்தான்."

வளைகாப்புக்குப் போய்ச் சேரும்வரை டயர் ஒன்றும் ஆகவில்லை. அதை நான் அவருக்குச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

டிஸ்க் வாங்குவதிலும் சண்டை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் நாகர்கோவிலில் ஒரே கடையில் நான்கையும் வாங்கி, மறுநாள் கேமராக்களோடு வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுப் பூவும் வைத்தேன். நான்கு பேரும் ஒரே நாளில் குடிபுகட்டும் என்று ஒரு ஆசை. ரோஸ்லின் அக்கா பொரியைத் தின்றுகொண்டே டிஸ்க்குகளைப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நான்கிலும் அடுத்தடுத்த எண்கள். "ஒரே நாள்ல ஒரே மெஷின்ல பொறந்தது. கொறையிருந்தா நாலுக்கும் ஒரே கொற" என்று மூன்றைக் கடைக்கே திருப்பி எடுத்துப் போனார். சந்தனப் பொட்டோடு. கடைக்காரர் என்ன நினைத்தாரோ. பிறகு ஒன்று மார்த்தாண்டத்தில், ஒன்று திருவனந்தபுரத்தில், ஒன்றைத் துபாயிலிருந்து வரும் சித்தப்பா மகனிடம் சொல்லி என்று பெண் பார்க்கிற மாதிரி அலைந்தார். அந்தத் தம்பி ஊரார் கேட்ட சாக்லேட்டுக்கும் தைலத்துக்கும் நடுவில் ஒரு டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். வேறொன்றை உபரியாக வாங்கி மேசை டிராயரில் போட்டு வைத்தார்.

கடைசியில் பெட்டியில் ஆறு போட்டார். நான் சம்மதிக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து இடம் பற்றாமல் போகும்போதெல்லாம் "ஐந்தாக இருந்திருந்தால்" என்று நான் தொடங்குவேன். "பேசாம இரி ஏட்டி" என்பார். எத்தனையோ தேநீர் இப்படி ஆறிப்போயிருக்கிறது.

பல வருஷம் கழித்து, போன மாதம் பிலோமினா அக்கா எங்கள் கடைப் படியேறினார். இளைய மகளுக்குக் கல்யாணமாம், வீடியோ நாங்கள்தான் எடுக்க வேண்டுமாம். ரோஸ்லின் அக்கா நடையை நிறுத்தினார்.

"எங்ககிட்டயா வாறிய?"

"வேற எங்க போவ? தொலைச்சா என்ன பாடுன்னு ஒனக்குத் தெரியும். மத்தவனுவளுக்குத் தெரியாதுல்லா."

அவருடைய கணவர் இந்தத் தடவையும் வர முடியாது. வேறு முதலாளி, அதே கதை. இந்த முறை முழுசாகப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறாராம். படம் எடுக்க வெளியே வராத ரோஸ்லின் அக்கா அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் இரண்டாவது கேமராவைத் தூக்கிக்கொண்டு தானே வந்தார். புதன்கிழமை கல்யாணம். அன்று மாலையே எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றினார். கார்டுகள் மறுநாள் வேறு கல்யாணத்துக்குப் போயின. சீசனில் அதுதான் வழக்கம், ஆறு போட்டிருக்கும் தைரியத்தில் அவரே அனுமதித்ததுதான். சனிக்கிழமை அலமாரி நகல் எடுத்துவிடுவாரே. வெள்ளிக்கிழமை காலையில் அவர் இறந்தார்.

இப்போது தெரிந்திருக்கும், நான் கல்லறைத் தோட்டத்தில் ஏன் கத்தினேன் என்று.

ரோஸ்லின் அக்காவின் துஷ்டி வீட்டிலிருந்து என்னால் இரண்டு நாள் நகர முடியவில்லை. அங்கே சங்கத்துக்காரர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார், ஒரு டிஸ்க் போனாலும் மற்றவை சேர்ந்து அதைத் திரும்ப உருவாக்கிவிடுமே, அதுபோல நாமெல்லாம் சேர்ந்தால் ரோஸ்லின் நம்மோடு இருப்பார் என்று. நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அவரைக் கடித்துவிடலாம் போல இருந்தது. என்னிடம் இருப்பது அவர் போட்ட சண்டைகளில் என் பங்கு. சாமிடம் இருப்பது சிறு வயசு. கூட்டிப் பார்த்தால் ஒரு தேநீர் குடிக்கக்கூட அவர் வரமாட்டார். எந்தக் கணக்காலும் திரும்பாத இழப்பு இது. அப்படியே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்தேன். பெட்டி இன்னும் கூவியது. பின்பக்கம் ஒரு சிறு பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தியதும் நின்றது. டிராயரில் உபரி டிஸ்க் இருந்தது. அதைச் செருகினால் பெட்டி புது டிஸ்க்கை நிரப்பும் வேலையைத் தொடங்கிவிடும். எது முதலில்? "மொதல்ல நகலெடு. பொறவு மாத்து. சாவக் கெடக்கியவன வேல வாங்காத" என்று அவர் எப்போதோ சொன்னது காதில் கேட்டது. புது டிஸ்க்கைத் தொடவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு வெளி டிஸ்க் வாங்கி வந்து, பிலோமினா அக்கா வீட்டுக் கல்யாணத்தை முதலில் நகலெடுக்கப் போட்டேன். மூன்று காலில் நிற்கும் பெட்டி, கோடு எறும்பாக நகர்ந்தது.

மதியம் பிலோமினா அக்கா வந்தார். அப்போதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். எதையும் மறைத்துப் பேச எனக்கு அன்று தெம்பு இல்லை. ஒரு டிஸ்க் செத்ததையும், வேறு நகல் இல்லை என்பதையும், அந்தக் கோடு முனை தொட்டால் தப்பித்தோம் என்பதையும் சொன்னேன். திரையைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். "முடியட்டு. நான் இங்கனயே இருக்கேன்" என்றார். நான் நடந்தேன். கதவு வரை போய்த் திரும்புவது, மேசை வரை போய்த் திரும்புவது. என் கால்களைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது.

கோடு பாதியைத் தாண்டியிருக்கும். பெட்டி மறுபடியும் கூவியது.

குனிந்து பார்த்தேன். இரண்டாவது ஆரஞ்சு. துபாயிலிருந்து துண்டில் சுற்றி வந்த டிஸ்க். அதுதான் எல்லாவற்றிலும் நல்லது என்று நான் நினைத்திருந்தேன்.

"அது என்ன மக்கா?"

"இன்னொண்ணும் போயிட்டு."

பிலோமினா அக்கா கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். திரையைப் பார்க்கத் துணிவில்லாமல் இரண்டு பச்சை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாக இருந்தால் அந்த நொடியிலேயே எல்லாம் முடிந்திருக்கும். பத்தாக இருந்தால்? செத்த இரண்டும் ஒரே ஜோடியா, வேறு வேறு ஜோடியா என்பதைப் பொறுத்தது.

"கோடு நகருதே," என்றார் பிலோமினா அக்கா.

எழுந்து பார்த்தேன். நகர்ந்தது. முன்பைவிட மெதுவாக, நின்று நின்று, ஆனால் நகர்ந்தது. மிச்சமிருந்த இரண்டு டிஸ்க்கும் செத்த இரண்டின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன. பள்ளி விட்டுப் பிள்ளைகள் தெருவில் போகும் சத்தம் கேட்டபோது கோடு முனையைத் தொட்டது.

நகல் சரியாக இருக்கிறதா என்று திறந்துதானே பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்தேன். கோயில், மோதிரம், தாலி, மாலை, எல்லாம் இருந்தது. பிலோமினா அக்கா தன் மகளைப் பார்த்துச் சிரித்தார், அழுதார். கடைசியாக ரோஸ்லின் அக்கா எடுத்தவற்றில் ஒன்றைத் திறந்தேன். மண்டபத்தில் குடும்பப் படம். கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டிருக்கிறார். பிலோமினா அக்கா படச்சட்டத்துக்கு வெளியே போய் யாரோ ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வருகிறார். ரோஸ்லின் அக்கா. "நான் எதுக்கு, விடுங்க, வேல கெடக்கு" என்று சொல்வது நன்றாகக் கேட்கிறது. வரிசையில் நிற்கிறார். நிற்க முடியவில்லை. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுகிறார், கண் கேமராவின் சிவப்பு விளக்கிலேயே இருக்கிறது. எங்கள் படங்கள் எதிலும் அவர் இல்லை. தப்பித்தவறி விழுந்தாலும் அவரே வெட்டிவிடுவார். இதையும் சனிக்கிழமைக்குள் வெட்டியிருப்பார்.

"இத வெட்டிராத மக்கா," என்றார் பிலோமினா அக்கா. "எனக்க வீட்டுக்காரரு அவள பாத்ததே இல்ல. பாக்கட்டு."

வெட்டமாட்டேன் என்றேன்.

வீடியோ ஓடியது. பிடி தளர்ந்ததும் அவர் வரிசையை விட்டுக் கிளம்பி, நேராக எங்களைப் பார்த்து விறுவிறுவென்று வருகிறார். நெற்றியில் அதே சுருக்கம். முகம் பெரிதாகிறது. கை நீள்கிறது, விரல்கள் திரையை மறைக்கின்றன, அவரே நிறுத்திவிடுகிறார்.

இருண்ட திரையைப் பார்த்து, "ஆறுதான் சரி, அக்கா" என்று சத்தமாகச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாதது. காதில் விழுந்திருந்தால் விடுவாரா? "அத எழுதித் தா ஏட்டி" என்றிருப்பார்.

எழுதித் தந்துவிட்டேன், ரோஸ்லின் அக்கா.